தலைக்கட்டுக் கணக்கும் நம் குடும்பங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சற்று முன் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டது. வரவில் முதல் இனமாக இடம்பெற்றது தலைக்கட்டு வரி. அந்த ஒரு சொல்லைப் பற்றியே சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன். தலைக்கட்டு என்றால் திருமணமான ஓர் ஆணும் அவனைச் சார்ந்தவர்களும் என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. வரி வசூலிக்கவும், கந்தூரிச் சோறு பங்கிடவும், தஃப்தரில் பெயர் எழுதவும் அது வசதியாக இருந்தது. ஆனால் முஸ்லிம்களின் குடும்பம் எல்லா ஊரிலும் எல்லா நிலையினரிடத்தும் ஒரே வடிவில் இருந்ததில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் எடுத்துக்கொள்வோம். அங்கே மணமான பின் பெண் புகுந்த வீடு செல்வதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டிற்கு வருகிறார். வீடு மகளுக்கே உரியது. ஆண்கள் இலங்கைக்கும் கடல் கடந்த பிற நாடுகளுக்கும் வணிகம் செய்யச் சென்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்த சமூகம் அது. அத்தகைய வாழ்வில் பெண் தன் தாயோடும் சகோதரிகளோடும் இருப்பதே பாதுகாப்பு. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் உண்டு. வடமலபாரில் கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்தில் பெண்களே ஆட்சிபீடத்தில் அமர்ந்ததும் வரலாறு. இவ்வழக்கத்திற்கு மறுபக்கமும் உண்டு. நான்கு பெண்களைப் பெற்ற தந்தை நான்கு வீடுகள் கட்ட வேண்டும். ஏழைத் தந்தையின் முதுகை ஒடிக்கும் சுமை அது.

ராவுத்தர் குடும்பங்களில் அத்தை மகள், மாமன் மகள் உரிமை உண்டு. சித்தப்பா மகள் என்றால் தங்கை முறை என்று ஒதுங்குவார்கள். உருது பேசும் தக்னி குடும்பங்களிலோ சித்தப்பா மகளை மணப்பது இயல்பு. மார்க்கம் இரண்டையும் அனுமதிக்கிறது. ஒரு வீட்டில் வாப்பா, இன்னொரு வீட்டில் அத்தா, மற்றொரு வீட்டில் அப்பா. மூவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். ஆனால் பெண் கேட்கும் நேரத்தில் மட்டும் அந்தத் தோள்கள் விலகிக்கொள்கின்றன.

நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு இதற்கோர் பாடம். மரைக்காயர் வணிகர்களும் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் வாழ்ந்த துறைமுகம் அது. அவ்வூர்த் துணியின் பெயராலேயே மலாய் நாட்டில் இன்றும் கைலியை 'பெலிக்காட்' என்று அழைக்கிறார்கள். வணிகம் செழித்த நாளில் பெரிய வீடும் கூட்டுக் குடும்பமும் இருந்தன. வணிகம் நலிந்தபின் பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் வெளியேறினார்கள். சொத்து இருக்கும் இடத்தில்தான் கூட்டுக் குடும்பம் நிலைக்கிறது. பிரிக்க ஏதுமில்லாதவன் பிரிந்துதான் வாழ வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் இதைக் கண்கூடாகக் காணலாம். சிப்காட் தொழிற்பேட்டையும் உருக்காலைகளும் வந்தபின் நெல் விளைந்த ஊர் ஷிப்டு ஊராக மாறியது. தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். லைன் வீட்டில் ஓர் அறை. அதில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். பெற்றோரை அழைத்து வந்தால் படுக்க இடமில்லை. அவனை, 'தாயைக் கவனிக்காதவன்' என்று மிம்பரிலிருந்து கண்டிப்பது எளிது. தாயைக் கவனிக்க அவனுக்கு இடம் உண்டா என்று கேட்பவர் யார்?

சகோதரர்களே! நம் மாவட்டத்திலேயே ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். உருக்காலை வேலைக்கு வந்த ஒருவர், மனைவியையும் இரண்டு பெண் மக்களையும் விட்டுவிட்டு ஊர் சென்றவர் திரும்பவில்லை. அந்தப் பெண்மணி ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்து மக்களை வளர்த்தார். மூத்த மகளுக்கு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டு ஜமாஅத், பெண் வீட்டு ஜமாஅத்தின் கடிதம் கேட்டது. அவ்வம்மையார் பள்ளிவாசலுக்கு நடந்தார். "உங்கள் வீட்டில் ஆண் இல்லை, தலைக்கட்டு இல்லை, தஃப்தரில் பெயரும் இல்லை. மேலும் நீங்கள் உருதுக்காரர்கள், உங்கள் ஊரில் வாங்கி வாருங்கள்" என்றார்கள். எந்த ஊரில் வாங்குவார்? இரண்டு மாதம் அலைந்தபின் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். பதினேழு ஆண்டுகள் அந்த மஹல்லாவில் வாழ்ந்த குடும்பம் அது. யாரும் வேண்டுமென்றே தீங்கு செய்யவில்லை. கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை; அவ்வளவுதான்.

நம் புத்தகத்தில் அப்படி எத்தனை பேருக்கு வரி இல்லை என்று எண்ணிப் பார்த்தோமா?

திருக்குர்ஆன், பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தில் விதிக்கிறது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. ஆகவே நம் மாநிலத்தில் வயலிலும் மகளுக்குப் பங்குண்டு. பங்கை மறுத்துவிட்டு, வரதட்சணையாகக் கொடுத்துவிட்டோம் என்பது நியாயமாகாது. வரதட்சணை மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகிறது. மஹரும் வாரிசுப் பங்கும் பெண்ணின் கைக்கே உரியவை.

குஃப்வு என்னும் பொருத்தம் ஃபிக்ஹு நூல்களில் பேசப்படுவது உண்மை. அது பெண்ணின் நலனைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டது. மொழியையும் பட்டத்தையும் காட்டிக் கதவை அடைப்பதற்காக அன்று. அல்ஹுஜுராத் அத்தியாயம், கிளைகளும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் செல்வச் சீமாட்டி, விதவை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்தம் வணிகப் பொருளைக் கொண்டு சென்றவர்கள். அந்த இல்லத்திலிருந்துதான் இந்தத் தீனே புறப்பட்டது.

ஆகவே நிர்வாகத்தின் பார்வைக்கு நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: தலைக்கட்டு என்பதோடு 'அடுப்பு' என்றொரு கணக்கும் எழுதப்பட வேண்டும். விதவை, கைவிடப்பட்டவர், தனித்து வாழும் முதியவர் ஆகியோர் தங்கள் பெயரிலேயே பதியப்பட வேண்டும். அவர்களிடம் வரி கேட்கக் கூடாது.

இரண்டு: ஓராண்டு இம்மஹல்லாவில் குடியிருக்கும் வாடகைக் குடும்பம் எந்த மாநிலத்தது, எந்த மொழியது என்று பாராமல் நிக்காஹ் கடிதத்திற்கும் கபரஸ்தானுக்கும் உரியது என்று தீர்மானம் இயற்ற வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றிய விசாரணை அவசியம்; அதை ஜமாஅத்தே அவருடைய ஊர் ஜமாஅத்திடம் கேட்டுச் செய்யட்டும்; ஏழைத் தாயை அலையவிட வேண்டாம்.

மூன்று: 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் அரசிலும் பதியப்பட வேண்டும். நிக்காஹ் முடிந்த கையோடு அதற்கு நம் அலுவலகமே உதவ வேண்டும். விட்டுச் சென்ற கணவனைத் தேடும் பெண்ணுக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

நான்கு: மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தின் உதவிகள் நம் மஹல்லாப் பெண்களுக்குக் கிடைக்க, விண்ணப்பம் எழுதித்தர இரண்டு இளைஞர்களை நியமிக்க வேண்டும்.

இதனால் நம் வழக்கங்கள் அழிந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்ச வேண்டாம். வாப்பா வாப்பாவாகவே இருக்கட்டும். அத்தா அத்தாவாகவே இருக்கட்டும். பிழைப்பும் ஊரும் வடிவமைத்தவை நம் குடும்பங்கள். பிழைப்பு மாறும்போது அவையும் மாறும். நம் தஃப்தரும் அவற்றோடு மாற வேண்டும். அடுத்த ஆண்டு இதே மேடையில் அறிக்கை வாசிக்கப்படும்போது, எத்தனை ரூபாய் வரவு என்பதோடு, எத்தனை புதிய பெயர்கள் எழுதப்பட்டன என்பதும் வாசிக்கப்பட வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.