தண்ணி வர்ற காட்டைப் பார்த்துட்டு வந்தோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

மைக் பிடிச்சுப் பேசுறது எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் தேக்கடி போய் வந்தோம். கம்பத்திலிருந்து மலையேறினா குமுளி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் ஒரு நாள்கூடப் போனதில்லை.

படகில் ஏறினதும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, யாரும் எழுந்திரிக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொன்னாங்க. 2009-ல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனாங்க. அது தெரிஞ்சும், கரையில் யானை குட்டியோட நின்னதைப் பார்த்ததும் நான் எழுந்துட்டேன். பக்கத்து அக்கா கையைப் பிடிச்சு உட்கார வச்சாங்க.

தண்ணிக்கு நடுவில் மொட்டை மொட்டையா மரங்கள் நிக்குது. 1895-ல் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடிச்சப்போ மூழ்கின காடு அது. அந்தத் தண்ணிதான் மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா லோயர் கேம்புக்கு வந்து கரண்ட் குடுக்குது. நம்ம பள்ளத்தாக்கில் இருபோகம் விளையுது. வைகையில் சேர்ந்து மதுரை வரைக்கும் போகுது. அணை தண்ணியைத் தேக்கும், சரி. மழையை மண்ணுக்குள்ள பிடிச்சு வச்சு ஓடையில் கொஞ்சம் கொஞ்சமா விடுறது யாரு? சுத்தி இருக்கிற 925 சதுர கிலோமீட்டர் காப்பகக் காடுதான்.

அந்தக் காட்டைக் காக்கிறதில் பெண்களும் இருக்காங்க. வசந்த சேனான்னு பேரு. சந்தன மரத்தைத் திருட்டிலிருந்து காப்பாத்த 2002-ல் சேர்ந்தவங்க. நம்மளைப்போல வீட்டு வேலை பார்க்கிறவங்கதான். தினமும் அஞ்சாறு பேர் முறை போட்டு காட்டுக்குள்ள ரோந்து போறாங்க. கூலி கிடையாது. இதை வழிகாட்டி சொன்னப்போ எனக்குத் தலை நிமிரலை.

ஏன்னா, சின்ன வயசில் அம்மாவோட மலையடிவாரத்துக்கு விறகு வெட்டப் போனவ நான். காவலரைக் கண்டா சுமையைப் போட்டுட்டு ஓடுவோம். ஆசைப்பட்டா போனோம்? அடுப்பு எரியணுமே.

இன்னைக்கும் எங்க தெருவில் நாலு பேர் விறகுக்குப் போறாங்க. வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கு. சிலிண்டர் தீர்ந்தா மாத்துறதுக்கு மொத்தமாப் பணம் இல்லை. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் ஊருக்கு வந்ததும் தீர்மான நோட்டில் எழுதினோம். சிலிண்டர் மாத்த உள்கடன் கேட்டா அன்னைக்கே குடுக்கணும், மாசச் சேமிப்போட கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினாப் போதும். இதுவரைக்கும் மூணு பேர் வாங்கியிருக்காங்க. அதில் ஒருத்தி முழுசும் கட்டிட்டா. விறகுக் கத்தியை எடுத்தே மாசமாச்சுன்னு சொல்றா.

இதை எல்லாக் குழுவிலும் கொண்டுவரணும்னு கூட்டமைப்பைக் கேட்டுக்கிறேன். அந்த அக்காமார் அங்கே நடந்து காக்கிறாங்க. நாம இங்கே இருந்தே இவ்வளவாவது செய்வோம்.