ஊரே சொன்னால் உண்மையாகிவிடுமா?

(ஜும்ஆ உரை)

 

 

மறுமையில் ஒவ்வொருவரும் தன்னந்தனியாகவே இறைவன் முன் வந்து நிற்போம் என்று திருமறை (19:95) நமக்கு அறிவிக்கிறது. 'ஊரார் அடித்தார்கள், நானும் அடித்தேன். எல்லோரும் அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன்' என்ற பதில் அங்கே எடுபடாது. நரகவாசிகளிடம், உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது எது என்று கேட்கப்படும். அப்போது அவர்கள் ஒப்புக்கொள்ளும் குற்றங்களுள், வீணில் மூழ்கியோருடன் சேர்ந்து தாங்களும் மூழ்கியதும் ஒன்றாகும் (74:45). கூட்டத்தோடு சேர்ந்து செய்ததால் பாவத்தின் எடை குறைந்துவிடுவதில்லை.

நம் மாவட்டத்திலேயே நடந்தது

2018ஆம் ஆண்டு கோடைக் காலத்தில், தமிழகத்தின் வட மாவட்டங்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி ஒரு செய்தி பாய்ந்தது. வெளிமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்பதே அச்செய்தி. அதனை எழுதியவர் யார், எந்த ஊரில் எந்தக் குழந்தை காணாமற்போனது என்று எவரும் கேட்கவில்லை.

அவ்வாண்டு மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் வழி கேட்க நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அன்பின் அடையாளமாக எந்த வீட்டிலும் நடக்கும் அச்செயலே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. திரண்ட கூட்டம் தாக்கியதில் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றார்கள். அதே மாதம் நமது திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில், ஆதரவின்றித் திரிந்த ஒருவர் இதே சந்தேகத்தின் பேரில் அடித்துக் கொல்லப்பட்டு, பாலத்தில் தொங்கவிடப்பட்டார்.

சிந்தித்துப் பாருங்கள்! அடித்தவர்கள் பரம்பரைக் கொலைகாரர்கள் அல்லர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், தம் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியவர்கள். தனியே நின்றிருந்தால் ஒரு மூதாட்டி மீது கை ஓங்கக் கூசியிருக்கக் கூடியவர்கள். அவர்களைக் கொலைக்களம் வரை இழுத்துச் சென்றது கூட்டம் என்னும் வெள்ளமாகும்.

அந்நாட்களில் இந்தியாவெங்கும் உலவிய ஒரு வீடியோவைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டது. இறுதியில் குழந்தையைத் திருப்பி ஒப்படைத்து, அறிவிப்புப் பலகையைக் காட்டுவார்கள். அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் அப்பாவிகளைப் பலிவாங்கக் காரணமாயிற்று.

கண் கண்டதை நாக்கு மறுப்பது ஏன்?

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு வேறு மூன்றில் எது என்று ஒரு குழுவினரிடம் கேட்டார். குழந்தையும் சொல்லிவிடும் விடை. ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர மற்றவர்கள், வேண்டுமென்றே தவறாகச் சொல்லுமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அந்த ஒருவர் என்ன செய்வார்? சோதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒருமுறையாவது கூட்டத்தின் தவறான விடையையே தாமும் சொன்னார்கள்.

இதே சோதனையில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. குழுவில் இன்னொருவர் சரியான விடையைச் சொன்ன மாத்திரத்தில், கூட்டத்திற்கு இணங்கித் தவறு செய்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆம்! ஒரே ஒரு குரல் போதும். அத்திமூரிலும் பழவேற்காட்டிலும் மனத்திற்குள் தயங்கியவர்கள் எத்தனை பேரோ! ஒருவர் துணிந்து வாய் திறந்திருந்தால், அவர்களுக்கும் துணிவு பிறந்திருக்கலாம். அவரவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணிவிடுவதே கூட்டத்தின் பெரும் ஆபத்து.

மதீனாவைக் குலுக்கிய ஒரு மாதம்

இத்தகைய சோதனை நபி (ஸல்) அவர்களின் இல்லத்திற்கே வந்தது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், காணாமற்போன கழுத்து மாலையைத் தேடச் சென்று பின்தங்கிவிட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை, ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். நயவஞ்சகன் அப்துல்லாஹ் பின் உபை அதனை அவதூறாக்கினான். ஏறத்தாழ ஒரு மாத காலம் மதீனா கொந்தளித்தது. நல்லவர்களான முஸ்லிம்களுள் சிலரும் அந்த வலையில் சிக்கினார்கள்.

அப்போது தடுத்து நின்றவர்கள் யார்? அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் இப்பேச்சு எழுந்தபோது, நீ இப்படிச் செய்வாயா என்று அவர்கள் தம் மனைவியைக் கேட்டார்கள். ஒருபோதும் மாட்டேன் என்றதும், ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் அல்லவா என்று கூறிப் பேச்சை முடித்துவிட்டார்கள். அவ்வீட்டின் வாசலைத் தாண்டி அவதூறு செல்லவில்லை. ஸைனப் (ரலி) அவர்களோ, நபியின் மனைவியருள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நிகராகப் போட்டியிடக் கூடியவராக இருந்தவர். அவருடைய உடன்பிறந்த சகோதரியே அவதூறில் பங்கு கொண்டிருந்தார். ஆயினும் நபி (ஸல்) அவர்கள் வினவியபோது, தம் செவியையும் கண்ணையும் காத்துக்கொண்டு, நல்லதைத் தவிர வேறெதையும் அறியேன் என்றார்கள். போட்டியும் இரத்த உறவும் அவர்களின் சாட்சியத்தை வளைக்கவில்லை.

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு சமூகத்திற்குத் தீங்கிழைத்து வருந்த நேரும் என்பது இறைக்கட்டளை (49:6). நபி (ஸல்) அவர்களைப் பைத்தியக்காரர் என்று மக்கத்துக் கூட்டம் பழித்தபோது, இருவர் இருவராகவோ தனித்தனியாகவோ அல்லாஹ்வுக்காக எழுந்து நின்று சிந்தியுங்கள் என்றே இறைவன் அவர்களை அழைத்தான் (34:46). கூச்சலில் சிந்தனை பிறக்காது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதுமானது என்ற நபிமொழியை, இன்று 'ஃபார்வர்ட்' பொத்தானில் விரல் வைக்கும் ஒவ்வொருவரும் நினைவில் நிறுத்த வேண்டும்.

எல்லையோர ஊர்களின் பொறுப்பு

அம்மையார்குப்பத்தைப் பாருங்கள். தறியோசை கேட்கும் நெசவு ஊர். ஆந்திர எல்லை அருகிலேயே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம் இது. திருத்தணிப் பகுதியே 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்திற்கு வந்தது. இத்தகைய ஊர்களுக்கு நூல் வியாபாரி வருவார். சேலை வாங்குவோர் வருவர். தறி பழுது பார்ப்பவர் வருவார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியுடன் ஆயிரமாயிரம் பேர் மலைக்குச் செல்வர். அந்நியர் வராவிட்டால் இங்கே பிழைப்பே இல்லை. நாமும் அறிமுகமற்ற ஊர்களுக்கு வியாபாரத்திற்குச் செல்பவர்களே. தாடியும் தொப்பியும் அணிந்த நம் பிள்ளை, மொழி தெரியாத ஊரில் வழி கேட்டு நின்றால், அங்குள்ளவர்கள் எவ்வாறு நடக்க வேண்டுமென விரும்புகிறோமோ, அவ்வாறே நாம் இங்கே நடக்க வேண்டாமா?

இதற்கு நேர்மாறான வதந்தியும் உண்டு. 2023 மார்ச் மாதத்தில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அஞ்சிய தொழிலாளர்கள் வேலையை விட்டு ஊருக்கு இரயிலேறினார்கள். அச்சம் எல்லையின் இருபுறத்தையும் சுடும் நெருப்பாகும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, செய்தி வந்தால் நிறுத்துங்கள். எங்கே, எப்போது, யார் சொன்னது என்று கேளுங்கள். பதில் இல்லையெனில் அது உங்களோடு முடியட்டும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே, இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்ய முடியாதவாறு கட்டுப்பாடு விதித்தது. முஃமினின் விரலுக்கு அவனுடைய ஈமான் விதிக்கும் கட்டுப்பாடு அதனினும் கடுமையானதாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, சந்தேகம் எழுந்தால் காவல்துறைக்கு 100 அல்லது 112 என்ற எண்ணிலும், குழந்தைகள் பற்றியதாயின் 1098 என்ற எண்ணிலும் தெரிவியுங்கள். பிடிப்பதும் விசாரிப்பதும் தண்டிப்பதும் தெருவின் வேலையல்ல.

மூன்றாவதாக, கூட்டம் கூடிவிட்டால் வேடிக்கை பார்க்காதீர்கள். கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். அருகிலிருப்பவர் இருவரையாவது பெயர் சொல்லி அழைத்துத் துணை சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரைக் கடைக்குள்ளோ, பள்ளிவாசலுக்குள்ளோ அமர்த்தித் தண்ணீர் கொடுத்து, காவலர் வரும்வரை காத்து நில்லுங்கள். அவர் எம்மதத்தவர், எம்மொழியினர் என்று பார்க்காதீர்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்பது திருமறையின் போதனை (5:32).

பெற்றோர்களே! 'எல்லோரும் செய்கிறார்கள்' என்று பிள்ளை சொல்லும்போது, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுப் பழக்குங்கள். வீட்டில் மாற்றுக் கருத்துச் சொன்னதற்காக அடிபடும் பிள்ளை, வீதியில் கூட்டத்திற்கு எதிராக எப்படி வாய் திறக்கும்?

வல்ல அல்லாஹ், ஊரே தவறும்போதும் உண்மையின் பக்கம் நிற்கும் உறுதியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! நம் நாவினாலும் கரத்தினாலும் எந்த அப்பாவிக்கும் தீங்கு நேராமல் காத்தருள்வானாக! ஆமீன்.