பழைய கணினியா, எமுலேட்டரா?

1982இல் வெளிவந்த கமடோர் 64 கணினியை இன்று அனுபவிக்க அசல் கருவி வேண்டுமா, அதைப்போல் இயங்கும் எமுலேட்டர் மென்பொருள் போதுமா?

அசலுக்கு ஈடில்லை என்போர் சொல்வதில் நியாயம் உண்டு. அதன் ‘சிட்’ ஒலிச் சில்லு கருவிக்குக் கருவி சற்று மாறுபடும். ஒரே இசை இரண்டு கணினிகளில் ஒன்றுபோல ஒலிக்காது.

ஆனால், அதன் பழைய பவர் சப்ளை பழுதானால் 5 வோல்ட்டுக்கு மேல் பாய்ந்து நினைவகச் சில்லுகளைக் கருக்கிவிடும். எமுலேட்டரில் அந்தப் பயமில்லை. ‘வைஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது.

என் அப்பா இளமையில் எழுதிய பேசிக் நிரல்கள் ஒரு பெட்டி நிறைய பிளாப்பி வட்டுகளில் உள்ளன. வட்டின் காந்தப் பூச்சு அழிந்தால் அவை எந்த எமுலேட்டரிலும் கிடைக்காது.

ஆகவே நேயர்களே, முதல் வேலை நகலெடுப்பது. 1541 வட்டு இயக்கியை யூஎஸ்பி இணைப்பான்வழி புதிய கணினியில் பொருத்தி நகலெடுக்கலாம். பிறகு பவர் சப்ளையைச் சோதித்துவிட்டு அசலை இயக்குங்கள். கருவி ஒருநாள் ஓயும். அதில் எழுதியவை ஓய வேண்டியதில்லை.