ஆங்கில நாட்டு இரண வைத்தியர் கழகம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் ஏதேனும் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, தமிழ் கற்பித்து வயிறு வளர்க்கும் யான் பழம்புலவர் ஒருவரைப் பற்றியே பேசுவேன் என்று பலரும் எண்ணியிருப்பீர்கள். யானோ ஆங்கில நாட்டு இரண வைத்தியர்களின் கழகத்தைப் பற்றிச் சில கூற எழுந்துள்ளேன். ஒரு தொழிலினர் கூடி அமைத்த சங்கம் எங்ஙனம் தோன்றிற்று, எங்ஙனம் தளர்ந்தது, யாரால் பிழைத்தது, அதன் தலைமை யார் கையில் இருந்தது என்பன சங்கம் நடத்தும் நம்மனோர் அறியத்தக்கனவாதலின் இதனை எடுத்துக்கொண்டேன்.

மருத்துவர் சிலர் வீட்டுப் பலகையிலே பெயருக்குப் பின் எஃப். ஆர். சி. எஸ். என்னும் எழுத்துக்கள் விளங்கக் கண்டிருப்பீர்கள். அவ்வெழுத்துக்களை வழங்கும் கழகங்கள் ஒன்றுக்கு மேற்பட்டன. அவற்றுள் இலண்டன் மாநகரில் உள்ள ராயல் காலேஜ் ஆப் சர்ஜன்ஸ் என்பதைப் பற்றியே இன்று பேசுகின்றேன். கழகம் என்று யான் சுட்டுவதெல்லாம் அதனையே.

அதன் பிறப்பிடம் நாவிதர் மண்டபம். இதனைக் கேட்டு வியப்போர் இருக்கலாம். அக்காலத்து இலண்டனில் உள்மருந்து கொடுப்போர் வேறு, கத்தி எடுப்போர் வேறு. முன்னவர் இலத்தீன் கற்றோர். 1518-ஆம் ஆண்டிலேயே அரசனிடம் சாசனம் பெற்றுத் தமக்கெனக் கழகம் அமைத்துக்கொண்டோர். கட்டியைக் கீறுதல், எலும்பைப் பொருத்துதல், குருதி வாங்குதல் முதலியன கைத்தொழில் என்று தாழ்வாகவே எண்ணப்பட்டன. அவற்றைச் செய்துவந்தோர் நாவிதரும், இரண வைத்தியர் எனத் தனியே நின்ற சிறு கூட்டத்தினரும் ஆவர். நம் நாட்டார்க்கு இது புதிதன்று. இங்கும் சவரக் கத்தி பிடித்த கையே புண்ணுக்கும் மருந்திட்டது; அவ்வில்லத்துப் பெண்டிரே மருத்துவச்சியராய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவர் என்னும் பெயர் அம்மரபினர்க்கு இன்றும் வழங்குகின்றது.

1540-ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், பாராளுமன்றச் சட்டம் ஒன்று இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே கம்பெனியாக இணைத்தது. கம்பெனி என்றவுடன் வாணிகக் கம்பெனியை நினைத்தல் வேண்டா. ஒரு தொழிலினர் தமக்குள் கட்டுப்பாடு செய்துகொள்ளும் குழுவுக்கு அந்நாட்டில் அப்பெயர் வழங்கிற்று. மன்னனுக்கு இரண வைத்தியராயிருந்த தாமஸ் விக்கரி அதன் தலைவரானார். இச்சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே மண்டபத்தில் கூடுவோராயினும், நாவிதர் பல் பிடுங்குதலன்றி வேறு இரண வைத்தியம் செய்தலாகாது. இரண வைத்தியர் சவரம் செய்தலாகாது. தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்கள் ஆண்டுக்கு நான்கு, உடற்கூறு கற்பதற்காக அக்கம்பெனிக்கு அளிக்கப்பட்டன. மன்னன் சாசனம் வழங்க, விக்கரி முழந்தாளிட்டு வாங்குவதாக ஹோல்பைன் என்னும் பேரோவியர் தீட்டிய படம் ஒன்று உண்டு. அதனை மறவாதிருங்கள்; பின்னரும் அதனைக் காண்போம்.

இக்கூட்டு வாழ்க்கை 205 ஆண்டுகள் நடந்தது. இடையே இரண வைத்தியம் வளர்ந்தது. வில்லியம் செசல்டன் என்பார் நீர்ப்பையிலுள்ள கல்லை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார் எனப் புகழ் பெற்றிருந்தார். மயக்க மருந்து அறியாத காலம் அது. ஈதர் கொடுத்து மயக்கும் முறை 1846-இலேதான் வெளிப்பட்டது. ஆகவே ஒவ்வொரு நொடியும் நோயாளிக்கு ஒரு யுகம். இத்தகைய வல்லுநர்க்கு நாவிதரோடு ஒரே பந்தியில் அமர்வது இழுக்காகத் தோன்றிற்று போலும். நாவிதர் மறுத்தும் கேளாமல், 1745-இல் வேறு சட்டம் பெற்றுப் பிரிந்தனர். மண்டபமும், நூல் நிலையமும், வெள்ளிப் பாத்திரங்களும், அந்த ஓவியமும் நாவிதர் பாலே நின்றுவிட்டன. உயர்வு தேடிச் சென்றோர் வெறுங்கையராய்ச் சென்றனர் என்றே சொல்லலாம். இன்றுங்கூட அந்நாட்டு இரண வைத்தியர் 'டாக்டர்' என்னாது 'மிஸ்டர்' என்றே தம்மை அழைத்துக்கொள்வர். பட்டம் பெறாது, குருவினிடம் பணிசெய்து தொழில் கற்ற பழங்காலத்தின் சுவடு அது. முற்காலத்தில் தாழ்வு குறித்த அச்சொல்லை இக்காலத்தார் பெருமையாகக் கொள்கின்றனர்.

பிரிந்தோர் நியூகேட் சிறைக்கு அருகே புதிய மண்டபம் எடுத்தனர். அங்கே சோதனை நடத்தித் தகுதிச் சீட்டு வழங்கினர். பள்ளியில் ஆங்கிலம் பயின்றோர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்னும் புலவரை அறிவர். அவர் வறுமையால், மருத்துவமனையில் உதவியாளர் வேலை வேண்டி, 1758-இல் இம்மண்டபத்திற் சோதனைக்கு நின்றார். தகுதியிலர் என்று தள்ளப்பட்டார். அவர் தேர்ந்திருப்பின் ஆங்கில இலக்கியம் சில நூல்களை இழந்திருக்கும். சோதனையில் தவறிய மாணாக்கரைத் தேற்றுவதற்கு யான் இக்கதையைப் பன்முறை கூறியதுண்டு.

நிற்க. மண்டபம் இருந்தது, பணமும் வந்தது, கல்வி வளரவில்லை. ஜான் கன்னிங் என்பவர் 1790-இல் தலைமைப் பதவியை விட்டு நீங்குங்கால், உடன் பணியாற்றியோரை நேர்நின்று கடிந்தார். விரிவுரைக்கெனக் கட்டிய அரங்கில் விரிவுரை இல்லை, நூல் நிலையத்தில் நூல் இல்லை, அவ்வறை குமாஸ்தாவின் அலுவலகமாயிற்று என்பது அவர் குற்றச்சாட்டு. பதவியிலிருந்து இறங்குவோர் பெரும்பாலும் நன்றி கூறி மாலை வாங்கிக்கொள்வரேயன்றி இங்ஙனம் பேசுதல் அரிது. ஆயினும் அப்பேச்சால் விளைந்தது சிறிதே. 1796-இல், சட்டப்படி வந்திருக்கவேண்டிய அதிகாரிகள் வாராத கூட்டம் ஒன்றை நடத்தி, அதிலே தீர்மானங்களும் செய்தனர். அதனால் கம்பெனியின் சட்ட நிலையே அழிந்தது என்று வழக்கறிஞர் கூறினர். கூட்டத்திற்கு வேண்டிய எண்ணிக்கை நிறைந்ததா என்று நம் செயலாளர் தலைகளை எண்ணும்போது நகைக்கின்றோமே, அன்பர்களே, அவ்வெண்ணிக்கை பிழைத்தமையால் ஒரு நாட்டின் இரண வைத்தியர் சங்கம் உயிர்விட்டது!

மறு ஆண்டில் புதுச் சட்டம் வேண்டிப் பாராளுமன்றத்தை அணுகினர். பிரபுக்கள் சபையில் தர்லோ பிரபு அதனைக் கவிழ்த்துவிட்டார். இரண வைத்தியத்திற்கும் கசாப்புத் தொழிலுக்கும் அறிவில் வேறுபாடில்லை என்று அவர் இகழ்ந்ததாகவும், அங்ஙனமாயின் தங்கள் கால் முறியும்போது கட்டுவதற்குக் கசாப்புக்காரனே வருவானாக என்று இரண வைத்தியர் ஒருவர் விடையிறுத்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது.

இந்நிலையில் அவர்களைக் கரையேற்றியது இறந்துபோன ஒருவர் விட்டுச்சென்ற செல்வம். ஜான் ஹண்டர் என்பார் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். ஆயினும் இரண வைத்தியத்தை ஊகத்தினின்று மீட்டுச் சோதித்தறியும் அறிவாக ஆக்கியோருள் தலையாயவர். மனிதர், விலங்கு, பறவை, மீன் முதலியவற்றின் உறுப்புக்களைப் பதப்படுத்திக் குப்பிகளில் இட்டு, 13,000-க்கு மேற்பட்ட பொருள்களைத் தொகுத்தார். 1793-இல் மருத்துவமனைக் குழுக் கூட்டமொன்றில், மாணாக்கர் இருவரைச் சேர்ப்பது பற்றி எழுந்த சொற்போரின் இடையே மாரடைப்பால் உயிர் நீத்தார். விட்டுச்சென்றவை கடனும் குப்பிகளும். அரசாங்கமோ பிரான்சுடன் போர் செய்துகொண்டிருந்தது. இவற்றை வாங்கப் பொருள் இல்லை என்றது.

அவ்வாறு ஆறாண்டுகள் கழிந்தன. அக்குப்பிகளைக் காத்தவர் யார்? வில்லியம் கிளிப்ட் என்னும் இளைஞர். கார்ன்வால் நாட்டில் ஏழை மாவரைப்போன் ஒருவன் மகனாய்ப் பிறந்தவர். தம் 17-ஆம் பிறந்தநாளன்று, 1792-இல், ஹண்டர் வீட்டிற்கு எழுதவும் வரையவும் வந்து சேர்ந்தவர். ஆசிரியர் மறைந்தபின் வாரம் 7 ஷில்லிங் கூலிக்கு அவ்வீட்டிலேயே தங்கி, குப்பிகளில் சாராயம் வற்றாமலும் பூச்சி அரியாமலும் காத்தார். அம்மட்டோ? ஆசிரியரின் கையெழுத்துப் பிரதிகளை இரவும் பகலும் படியெடுத்துவந்தார். படியெடுக்கும்படி அவரை ஏவினார் எவருமிலர்.

1799-இல் பாராளுமன்றம் அத்தொகுதியை 15,000 பவுனுக்கு வாங்கி, இரண வைத்தியரிடம் ஒப்படைத்தது. ஆண்டுதோறும் விரிவுரைகள் நிகழ்த்தவேண்டும், பொருள்களுக்கு அட்டவணை அமைக்கவேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. 1800-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னன் சாசனம் அளிக்க, இறந்த கம்பெனி அரச கழகமாய்ப் பிறந்தது. நாவிதர் கூட்டினின்று பிரிந்தபோது இவர்கள் தேடிய உயர்வு, ஹண்டரின் குப்பிகளோடு வந்து வாய்த்தது. கிளிப்ட் அக்காட்சிச்சாலையின் காப்பாளராய் அமர்ந்தார்.

இனி ஒரு தலைவரைக் காண்போம். ஹண்டரின் மைத்துனர் சர் எவரார்டு ஹோம், அவருடைய மாணாக்கருமாவார். கையெழுத்துப் பிரதிகளைக் கிளிப்டிடமிருந்து தம் வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அட்டவணை எழுதத் தருகின்றேன் என்பார், தரமாட்டார். இடையே அவர் பெயரால் ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1813-இலும் 1821-இலும் கழகத்தின் உச்சப் பதவி அவரை அடைந்தது. 'பிரஸிடெண்ட்' என்னும் பெயர் தாங்கிய முதல்வரும் அவரே. 1823-இல் அவ்வேடுகளையெல்லாம் தீயிலிட்டு எரித்துவிட்டேன் என்று கிளிப்டிடம் அவர் தம் வாயாலேயே கூறினார். அவை வெளியாகக்கூடா என்பது ஆசிரியர் விருப்பம் என்று ஒரு காரணமும் சொன்னார். ஆசிரியர் ஏடுகளைத் தம் பெயராற் பயன்படுத்திக்கொண்டு, சான்றை அழித்தார் என்பதே பின்வந்தோர் முடிபு. யானும் அதற்கு மாறாக நினைக்கக் காரணம் காணேன். 1834-இல் பாராளுமன்றக் குழுவின்முன் கிளிப்ட் இவற்றையெல்லாம் உரைத்தார். இளமையில் அவர் எடுத்துவைத்த படிகளால் ஏறத்தாழப் பாதி பிழைத்தது. அவர் மறைந்தபின், மருகராகிய ரிச்சர்டு ஓவன் அவற்றை 1861-இல் அச்சேற்றினார்.

அக்காலத்துக் கழக ஆட்சி எத்தகையது எனின், 21 பேர் கொண்ட நிருவாக சபை. அதன் உறுப்பினர் வாழ்நாள் முழுதும் இருப்பர். ஒருவர் மறைந்தால் எஞ்சியோரே மற்றொருவரைத் தெரிந்துகொள்வர். சந்தா செலுத்தித் தேர்ச்சி பெற்ற ஆயிரக்கணக்கான அங்கத்தினர்க்கு ஒரு வாக்கும் இல்லை. முன்வாயிலால் நுழையும் உரிமையுமின்றிப் பின்புறத் தெருவழியே வரவேண்டியிருந்தது. அவ்வங்கத்தினருள் ஒருவராகிய தாமஸ் வாக்லி 1823-இல் 'லான்செட்' என்னும் பத்திரிகையைத் தொடங்கி, இவ்வாட்சியை வாரந்தோறும் சாடினார். 1831-இல் கழக அரங்கிலே எழுந்து கேள்வி கேட்டமைக்காகக் காவலர் அவரைப் பற்றி வெளியே தள்ளினர். 1826-இல் அவரோடு நின்று சீர்திருத்தக் கூட்டத்திற்குத் தலைமை வகித்த வில்லியம் லாரன்ஸ் என்பாரோ, இரண்டே ஆண்டில் நிருவாக சபையில் இடம் பெற்றார், பெற்றபின் அவர் குரல் மாறிவிட்டது, இருமுறை தலைவருமானார். நாற்காலிக்கு இப்படி ஒரு குணம் உண்டு. அது ஆங்கில நாட்டு நாற்காலிக்கு மட்டும் உரியதன்று.

1843-ஆம் ஆண்டுப் புதுச் சாசனம் வாழ்நாள் பதவியை ஒழித்தது. 'பெல்லோ' என்னும் மேல்வகுப்பு அமைத்து, முதலில் 300 பேரை நியமித்து, பின்வருவோர்க்குச் சோதனை வைத்து, அவர்களுக்கே வாக்குரிமை தந்தது. நாம் பலகையில் காணும் எழுத்துக்கள் இங்ஙனம் பிறந்தன. எனினும் சாதாரண அங்கத்தினர் வாக்கின்றியே நின்றனர்.

பெண்பாலார்க்குக் கதவு திறக்க இன்னும் நெடுநாள் ஆயிற்று. 1876-இல் பெண்மணிகள் மூவர் பிள்ளைப்பேற்று மருத்துவச் சோதனைக்கு விண்ணப்பித்தனர். மறுத்தற்குச் சட்டம் இடந்தரவில்லை; ஆகவே சோதிக்க வேண்டியோர் அனைவரும் ஒருங்கே பதவி துறந்தனர்! அம்மூவருள் ஒருவராகிய ஈடித் பீச்சி 1883-இல் பம்பாய்க்கு வந்து, பெண்களுக்கென எழுந்த காமா மருத்துவமனையை நடத்தினார். தம் நாட்டுக் கழகம் சோதிக்கவும் மறுத்த கை, நம் நாட்டுத் தாய்மார்க்குப் பயன்பட்டது. 1911-இல் எலினர் டேவிஸ் காலி என்பவர் முதற்பெண் 'பெல்லோ' ஆனார். கிளேர் மார்க்ஸ் அம்மையார் 2014-இல் தலைவரானார். அதற்குள் சாசனம் பெற்று 214 ஆண்டுகள் கடந்துவிட்டன.

1941 மே மாதம் ஜெர்மானியர் குண்டு வீழ்ந்து காட்சிச்சாலையின் பெரும்பகுதி அழிந்தது. ஹண்டர் தொகுத்தவற்றுள் ஏறத்தாழ 3,500 எஞ்சின. அவற்றோடு சார்லஸ் பிர்ன் என்னும் ஐரிஷ் நெடியனின் எலும்புக்கூடும் உண்டு. தன் உடலைக் கடலில் இடுமாறு வேண்டி 1783-இல் இறந்தவன் அவன்; ஹண்டர் பணங்கொடுத்து உடலைக் கைப்பற்றினார். அறிஞரேயாயினும் அவர் செய்தது அறமன்று. 2023-இல் காட்சிச்சாலை மீண்டும் திறக்கப்பட்டபோது அவ்வெலும்புக்கூட்டைப் பார்வையினின்று அகற்றிவிட்டனர். கடலில் இன்னும் இடவில்லை.

நாவிதர் கம்பெனி என்னாயிற்று என்று கேட்பீர்கள். அது இன்றும் உள்ளது. அதன் மண்டபமும் 1940-இல் குண்டுக்கு இரையாகி, 1969-இல் புதிதாய்த் திறக்கப்பட்டது. ஹோல்பைன் தீட்டிய படம் தப்பியது. இப்பொழுது அக்கம்பெனியின் அங்கத்தினருள் இரண வைத்தியர் பலர் இருக்கின்றனர். 1745-இல் எழுந்துபோனவர்களின் வழிவந்தோர், விருந்து நாட்களில், விக்கரி முழந்தாளிட்டிருக்கும் அப்படத்தின் கீழே வந்து அமர்கின்றனர்.