பழைய கைப்பேசியும் புதிய இயங்குதளமும்



வானிலையை அறிவதற்கும், சந்தை விலையைத் தெரிந்துகொள்வதற்கும், மானியத்திற்கு விண்ணப்பிப்பதற்கும் இன்று நமக்குக் கைப்பேசி தேவைப்படுகிறது. தமிழக அரசு 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய உழவன் செயலியும் அதன் வழியாகவே நம்மிடம் வந்தது. ஆயினும், கண்ணாடியும் மின்கலமும் நன்றாக இருக்கும்போதே பல கைப்பேசிகள் பயனற்றுப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. இதற்குக் காரணம் யாது?

கைப்பேசியை நடத்துவது இயங்குதளம் என்னும் மென்பொருளாகும். அதில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளை உற்பத்தியாளர் சில ஆண்டுகள் வரையில் திருத்தி அனுப்புவார், பிறகு நிறுத்திவிடுவார். அதன்பின் குறைகள் அடைபடாமல் நிற்கும். புதிய செயலிகளும் பழைய தளத்தில் ஏற மறுக்கும். கிணற்று மோட்டாரின் காயில் எரிந்துபோனால் நாம் மோட்டாரையே எறிந்துவிடுகிறோமா? காயில் கட்டி மீண்டும் ஓட்டுகிறோம் அன்றோ? கைப்பேசிக்கும் அத்தகைய வழி ஒன்று உண்டு.

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் அடிப்படை மூலநிரலை எவரும் எடுத்து ஆளும் வண்ணம் கூகுள் நிறுவனம் வெளியிட்டுள்ளது. அதைக் கொண்டு 2009-ஆம் ஆண்டில் சயனோஜென்மாட் என்னும் மாற்றுத் தளம் உருவாயிற்று. அதற்குப் பின்னின்ற நிறுவனம் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தன் பணிகளை நிறுத்தியது. ஆனால் தன்னார்வத் தொண்டர்கள் அம்முயற்சியைக் கைவிடவில்லை, லினேஜ் ஓ.எஸ். என்ற பெயரில் தொடர்ந்து நடத்தி வருகின்றனர். இதற்கு விலையில்லை. பலர் கூடி உழைத்தால் ஒரு நிறுவனம் விட்டுச் சென்றதையும் காக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இனி, செய்முறையைக் காண்போம். முதலாவதாக, அமைப்புகள் பகுதியில் கைப்பேசியின் மாதிரி எண்ணைப் பார்த்து, லினேஜ் தளத்தின் பட்டியலில் அதே மாதிரி உள்ளதா என ஆராய வேண்டும். பெயர் ஒன்றாயிருந்தும் மாதிரி வேறானால் பொருந்தாது. இரண்டாவதாக, படங்கள், தொலைபேசி எண்கள், ஆவணங்கள் யாவற்றையும் கணினியில் படியெடுத்து வைக்க வேண்டும். ஏனெனில், பூட்லோடர் என்னும் தொடக்கப் பூட்டைத் திறக்கும்போது கைப்பேசியில் உள்ளவை அனைத்தும் அழிந்துபோகும். சில உற்பத்தியாளர்கள் இப்பூட்டைத் திறக்கவே இடமளிப்பதில்லை. மூன்றாவதாக, மின்கலத்தை நன்கு ஏற்றிக்கொண்டு, யு.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் இணைத்து, முதலில் ரெக்கவரி என்னும் சிறு மென்பொருளையும், அதன் வழியாக இயங்குதளத்தையும் நிறுவ வேண்டும். கூகுள் செயலிகள் இதனுடன் வருவதில்லை. வேண்டுவோர் முதன்முறை கைப்பேசியைத் தொடங்குவதற்கு முன்பே அவற்றையும் சேர்த்துவிட வேண்டும்.

இதில் உள்ள இடர்களையும் மறைத்தல் கூடாது. பொருந்தாத கோப்பை ஏற்றினாலோ, பணி நடுவில் தடைப்பட்டாலோ, கைப்பேசி எழாமலே போகக்கூடும். உற்பத்தியாளரின் உத்தரவாதம் போகலாம். வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் மாற்றுத் தளத்தைக் கண்டு இயங்க மறுக்கலாம். பூட்டு திறந்தே இருப்பதால், கைப்பேசி பிறர் கைக்குப் போனால் அவர் அதன் மென்பொருளை மாற்றிவிடவும் கூடும். அதற்கஞ்சி மீண்டும் பூட்ட முயன்றால், பெரும்பாலான மாதிரிகளில் கைப்பேசியே முடங்கிவிடலாம். மேலும், சில்லு செய்தவர் கைவிட்ட உட்பகுதிகளின் குறைகளைத் தொண்டர்களால் முற்றிலும் நீக்க இயலாது.

ஆகவே, நெல் விற்ற பணம் வந்து சேரும் கைப்பேசியில் எவரும் இச்சோதனையைத் தொடங்க வேண்டாம். வீட்டில் ஒதுங்கிக் கிடக்கும் இரண்டாவது கைப்பேசியே இதற்கு ஏற்றது. அது பிள்ளைகளின் பாடத்திற்கும், பயிர் நோயைப் படமெடுத்து வேளாண்மை அலுவலரிடம் காட்டுவதற்கும் பயன்படும். கணினி பயின்ற இளைஞர் ஊர்தோறும் உள்ளனர். அவர்களுக்கு ஊராட்சி ஓர் இடமும் ஒரு கணினியும் ஒதுக்கித் தருமாயின், மாதிரி எண்ணைச் சரிபார்ப்பது முதல் நிறுவுவது வரையில் யாவற்றையும் பலர் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

புதியது வாங்கவே கூடாது என்பது நமது கருத்தன்று. உழைத்துத் தேடிய பணத்தில் வாங்கிய பொருளை, அதன் பயன் தீருமுன் எறிந்துவிட வேண்டாம் என்பதே நாம் வலியுறுத்துவது. ஆய்ந்து, படியெடுத்து, பின்னர்ச் செய்வோமாக.