நெஞ்சுக்குச் சொல்லும் ஊக்கமொழி

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



பூவிருந்தவல்லி, ஆவடிச் சுற்றுப்புறங்களில், போலீஸ் வேலையை நாடும் வாலிபர்கள் விடியுமுன் ஓடிப் பழகுவதை நாம் காண்கிறோம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடித்தல் வேண்டும். கால் ஓயுமுன்பே, "இனி ஆகாது" என்று மனம் ஓய்ந்து நின்றுவிடுவோர் பலர்.

இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. பிரிட்டனில் 24 பேரைச் சைக்கிள் மிதிக்கச் செய்து ஆராய்ந்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் ஒரு பிரிவினர் ஊக்கமொழிகளைத் தெரிந்தெடுத்து, மிதிக்கையில் தமக்குத் தாமே சொல்லிப் பழகினர். அவர்கள் முன்னைவிடச் சுமார் 18 சதவிகிதம் அதிக நேரம் தாங்கினர். சிரமமும் குறைவாகவே தோன்றிற்று. மற்றப் பிரிவினரிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. ஏற்றம் இறைத்தோர் பாட்டால் அலுப்பை மறந்ததை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

சொல் மட்டும் போதாது. அன்றாடப் பயிற்சியும் வேண்டும். மயக்கமோ நெஞ்சுவலியோ கண்டால் உடனே நிறுத்த வேண்டும்.

ஆகவே, ஓடும் பிள்ளையை நோக்கி, "உன்னால் ஆகுமா?" என்று கேளாதிருப்போம். "இன்னும் ஒரு சுற்று, என்னால் முடியும்" என்று அவனே சொல்லிப் பழகச் செய்வோம். அவன் ஓடுவதற்குச் சமமான இடத்தைப் பஞ்சாயத்து ஒதுக்கித் தருக!