திருநங்கைக்கு விமானத்தில் வேலை கிடையாதா?

(வீரகேரளம்புதூரில் நடைபெற்ற உழைப்பாளி மக்கள் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஆற்றிய உரை)



விமானத்தைப் பற்றிப் பேச்சு என்றதும் பின்னால் இருக்கிற சிலர் சிரிக்கிறீர்கள். சுரண்டைக்குப் போக பஸ்ஸுக்காக வெயிலில் காத்துக் கிடக்கிற நமக்கு விமானம் எதற்கு என்று தோன்றும். நியாயந்தான். ஆனால் அதில் வேலை கேட்டுப் போனவர் ஓர் உழைப்பாளி. வேலை கேட்டுப் போகிறவரை வாசலிலே நிறுத்தித் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்பதை மில் தொழிலாளிக்கும் வயல் கூலிக்கும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அவர் பெயர் ஷானவி பொன்னுசாமி. திருநங்கை. வெகு தூரத்து ஆள் அல்ல. இங்கிருந்து காவடி எடுத்துப் போகிறோமே, அந்தத் திருச்செந்தூர்ப் பக்கத்தவர். இஞ்சினீயரிங் படித்தவர். அவர் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். சென்னையில் ஏர் இந்தியாவின் பயணிகள் உதவிப் பிரிவிலேயே ஓராண்டு வேலை பார்த்திருக்கிறார். 2017 ஜூலையில் அதே ஏர் இந்தியா, விமானப் பணிப்பெண்கள் தேவை என்று விளம்பரம் செய்தது. இவரும் மனுப் போட்டார். விண்ணப்பப் பாரத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். பெண் என்றே எழுதிக் கொடுத்தார். தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், வேலை கொடுக்கவில்லை. மூன்றாம் பாலினத்தவருக்கு இங்கே இடமே வைக்கவில்லை, அதனால்தான் தள்ளினார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தேர்வில் அவர் தேறவில்லை, நாங்கள் பாகுபாடு காட்டவில்லை என்பது நிர்வாகத்தின் வாதம்.

நிர்வாகம் சொல்வதையே ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். 2014 ஏப்ரல் 15ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட், திருநங்கை திருநம்பிகளை மூன்றாம் பாலினமாக அங்கீகரிக்க வேண்டும், கல்வியிலும் வேலையிலும் ஒதுக்கீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மூன்று வருஷம் கழித்தும் சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனியின் பாரத்தில் ஒரு கட்டம் கூடக் கூடவில்லையே, அது ஏன்? இதற்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் பதில் கிடையாது.

சுப்ரீம் கோர்ட் நோட்டீஸ் அனுப்பியும் சர்க்காரும் கம்பெனியும் உரிய காலத்தில் பதில் தரவில்லை. கையில் காசில்லை, சாப்பாட்டுக்கே வழியில்லை என்ற நிலை. 2018 பிப்ரவரியில் அவர் ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். வேலை கேட்டு எழுதிய கடிதமல்ல. என்னைக் கருணைக் கொலை செய்துவிடுங்கள் என்று கேட்டு எழுதினார். இஞ்சினீயர் படிப்புப் படித்த ஓர் உழைப்பாளி இந்த நாட்டின் சர்க்காரிடம் கேட்டது இதைத்தான், தோழர்களே!

விமானப் பணிப்பெண் என்றால் அலங்காரம் செய்துகொண்டு காப்பி கொடுப்பவர் என்று சினிமாவைப் பார்த்து நினைத்திருக்கிறோம். உண்மை வேறு. விமானம் தீப்பிடித்தாலோ அவசரமாகத் தரையிறங்கினாலோ கதவைத் திறந்து ஜனங்களை வெளியே தள்ளுகிற பொறுப்பு அவர்களுடையது. 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடிய வேண்டும் என்பது பெரிய விமானங்களுக்கு உள்ள நிபந்தனை. அந்த 90 விநாடியில் கைவலிமை வேண்டும், நிதானம் வேண்டும், பழக்கம் வேண்டும். பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதினார்கள் என்பது அங்கே எதற்குப் பயன்படும்?

முதலாளிக்குப் பயன்படும். அவன் டிக்கெட்டோடு சேர்த்து முகத்தையும் விற்கிறான். சர்க்கார் கம்பெனியே ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்துகொண்டது. ஏர் இந்தியாவில் பணிப்பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும். முதல் பிள்ளை உண்டானால் வேலை போகும். 35 வயதானால் ஓய்வு. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணும் கூட இருந்தவர்களும் வழக்காடினார்கள். பிள்ளை உண்டானால் வேலை போகும் என்ற விதியை 1981இல் சுப்ரீம் கோர்ட் அடித்துப் போட்டது. கல்யாண விதியை மட்டும் சரி என்று விட்டுவிட்டது! பீடி சுற்றுகிற நம் தாய்மார்கள் நிறைமாதத்திலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டுகிறார்கள். அந்த விதியை இவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது காறித் துப்புவார்கள்.

இதற்குள் என்ன நடந்தது பாருங்கள். வழக்கு கோர்ட்டில் கிடக்கும்போதே சர்க்கார் ஏர் இந்தியாவை விற்றுவிட்டது. 1953இல் டாட்டாவிடமிருந்து நாட்டுடைமையான கம்பெனி, 2022 ஜனவரி 27ஆம் தேதி டாட்டாவிடமே போய்ச் சேர்ந்தது. பேசிய விலை 18,000 கோடி ரூபாய். அதில் ரொக்கம் 2,700 கோடி. மீதி, கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு. விமானம் போயிற்று என்று பத்திரிகைகள் கணக்கெழுதின. வேலை தேடுகிறவனின் உரிமை போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. சர்க்கார் கம்பெனி என்றால், வேலையில் சமவாய்ப்பு என்ற அரசியல் சட்டத்தின் 16ஆவது ஷரத்தைக் காட்டி நேரே கோர்ட்டில் நிறுத்தலாம். தனியார் கம்பெனியை அப்படி நிறுத்த முடியாது. இது நம்முடைய ஊகமல்ல. சம்பளத் தேக்கம், பதவி உயர்வு பற்றி ஏர் இந்தியாவின் பழைய ஊழியர்கள் சர்க்கார் காலத்திலேயே போட்ட ரிட் மனுக்கள் என்ன ஆயின? கம்பெனி இப்போது தனியாருடையது, ஆகவே ரிட் செல்லாது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நாட்டுடைமை என்று நாம் கூட்டத்துக்குக் கூட்டம் ஏன் கத்துகிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கைக் காட்டுங்கள்.

ஷானவியின் வழக்கில் 2022 செப்டம்பர் 8ஆம் தேதி உத்தரவு வந்தது. திருநங்கையருக்கு வேலை கிடைக்க வழி செய்யும் கொள்கை ஒன்றை, தேசிய கவுன்சிலைக் கலந்துகொண்டு மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காருக்குச் சொன்னார்கள். நல்லது. ஆனால் கம்பெனி அதற்கு ஏழு மாதம் முன்பே கைமாறிவிட்டது. 2025 அக்டோபரில் வேறொரு வழக்கு: இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியை தொடுத்தது. அதில் அதே சுப்ரீம் கோர்ட், 2019ஆம் வருஷச் சட்டம் செத்த எழுத்தாகக் கிடக்கிறது என்று சர்க்கார்களைக் கடிந்துகொண்டு, சமவாய்ப்புக் கொள்கைக்கு நகல் தயாரிக்க முன்னாள் ஐகோர்ட் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. மூன்று மாதம் மூன்று வருஷமான கதை இது.

முதலாளியே மனமிரங்கிக் கொடுத்த இடமும் உண்டு. தாய்லாந்தில் பி.சி. ஏர் என்ற கம்பெனி 2011இல் திருநங்கைகளைப் பணிப்பெண்களாகச் சேர்த்தது. உலகமெல்லாம் படம் போட்டார்கள். அடுத்த வருஷமே கம்பெனி கடனில் நொடித்து நின்றுபோயிற்று. முதலாளியின் இரக்கம் அவனுடைய கல்லாப்பெட்டி இருக்கிற வரைக்கும்தான்.

செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு மலைக்கு அந்தப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017இல் கொச்சி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, குடும்பஸ்ரீ மூலமாக இருபதுக்கு மேற்பட்ட திருநங்கையருக்கு டிக்கெட் கவுண்டரிலும் துப்புரவிலும் வேலை கொடுத்தார்கள். ஆனால் சில நாட்களிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டு நின்றார்கள். ஏன் தெரியுமா? யாரும் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவில்லை. லாட்ஜில் தங்கினால் வாங்குகிற சம்பளம் வாடகைக்கே போதவில்லை. சர்க்கார் வேலையைக் கொடுத்தது. தெரு அதைப் பிடுங்கிக்கொண்டது.

ஆகவேதான் இதை இந்த ஊரில் பேசுகிறோம். குற்றாலம் சீசனில் கடை கடையாகக் கைதட்டிக் காசு கேட்கிறார்கள், வேலை செய்து பிழைக்கக் கூடாதா என்று நம்மில் பலர் கேட்கிறோம். வேலை செய்யத்தானே ஒருவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார்! நடவுக்கு ஆள் சேர்க்கிறபோது அவர்களைக் கூப்பிடுகிறவர் யார்? ராஜபாளையம் மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேனில் பக்கத்தில் இடம் விடுகிறவர் யார்? ஓர் அறை வாடகைக்குக் கேட்டால் கதவைச் சாத்தாதவர் யார்? இதெல்லாம் டாட்டாவின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

ஒரு காரியம் சொல்லி முடிக்கிறோம். 2019ஆம் வருஷச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் இந்தப் புகார்களைக் கேட்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது. மில் தோழர்கள், உங்கள் மில்லில் அந்த அதிகாரி யார் என்று சங்கத்தின் பெயரால் எழுத்தில் கேளுங்கள். வந்த பதிலை, பதில் வராவிட்டால் கடிதம் கொடுத்ததற்கான ரசீதை, அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.